பழைய ஷேவிங் செட் தேடி: சென்னைச் சந்தைகளில் பார்த்து, பிரித்து, அடையாளம் கண்டு வாங்குவது எப்படி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோணி விரித்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளின் முன்னால் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். துருப்பிடித்த பூட்டு, கண்ணாடி உடைந்த கைக்கடிகாரம், முள் இல்லாத டைம்பீஸ், குழாய்த் தலை, கேமரா மூடி. அந்தக் குவியலுக்கு நடுவில் சில வாரம் ஒரு ரேஸர் கிடக்கும். கருத்துப்போய், இடுக்கெல்லாம் சோப்பு இறுகிப்போய், எடைக்குப் போட வேண்டிய பித்தளைத் துண்டு மாதிரி இருக்கும். அதைத் திருகிப் பிரித்து அடிப்பக்கம் பார்க்கத் தெரிந்தால், எந்த நாட்டுச் சரக்கு, ஏறத்தாழ எந்தக் காலம், இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பிளேடு இதற்குப் பொருந்துமா என்பதெல்லாம் அங்கேயே நின்று சொல்லிவிடலாம்.

எனக்கு முதலில் இது தெரியாது. மேலே ‘ஜில்லெட்’ என்று எழுத்து இருந்தது, போதும் என்று 400 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிளேடு போட்டால் ஒரு பக்கம் அதிகமாக எட்டிப் பார்த்தது, மறுபக்கம் உள்ளே ஒளிந்துகொண்டது. மேல்மூடி ஒரு ரேஸருடையது, அடித்தட்டு வேறொன்றுடையது, கைப்பிடி மூன்றாவதன் சொத்து. பெயரைப் படித்தேனே தவிரப் பிரித்துப் பார்க்கவில்லை. கீழே சொல்லப்போகும் வரிசை அந்த 400 ரூபாயில் கற்றது.

கொஞ்சம் பூர்வீகம்

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர், தீட்ட வேண்டியதில்லாத, மழுங்கினால் தூக்கிப் போட்டுவிடக்கூடிய மெல்லிய பிளேடை யோசித்தார். அதைத் தொழிற்சாலையில் செய்யக்கூடியதாக்கியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். விற்பனை தொடங்கிய 1903-இல் போனது 51 ரேஸரும் 168 பிளேடும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேஸர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு போனார்கள்.

சென்னைக்கு இவை வந்த வழிகள் பல. வெள்ளைக்கார அதிகாரிகள், பெரம்பூர், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பெட்டியோடு திரும்பியவர்கள், பட்டாளத்துக்காரர்கள். அதனால்தான் இங்கே கிடைப்பவற்றில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று பொறித்தவை நிறையக் கண்ணில் படுகின்றன. அமெரிக்கக்காரர்கள் உயிரை விடும் சில மாடல்கள் இங்கே அபூர்வம். பிரிட்டிஷ் மாடல்கள் சாதாரணம். வலையில் பார்த்த அமெரிக்க விலையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே பேரம் பேசினால் கணக்கு உதைக்கும்.

எங்கே தேடுவது

பல்லாவரம்தான் என் முதல் சிபாரிசு. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் பல்லாவரத்தில் இறங்கிப் பழைய டிரங்க் ரோடு பக்கம் நடந்தால் போதும். செடி, கோழி, புறா, பழைய மின்விசிறி என்று எல்லாம் தாண்டித்தான் பழம்பொருள் விரிப்புகள் வரும். காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஒரு பக்கம், நல்ல சரக்கைக் கடைக்காரர்களே வாங்கிக்கொண்டு போயிருப்பது மறுபக்கம்.

சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அங்கே இருந்த பழைய சாமான் வியாபாரம் சிதறிவிட்டது. இப்போதைய அல்லிக்குளம் வளாகத்தில் முக்கியமாகப் புத்தகம்தான். ஆனால் பாரிமுனை, சவுகார்பேட்டைச் சந்துகளில் பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்கு வாங்கும் கடைகளைத் தவறவிடாதீர்கள். அவர்களுக்கு ரேஸர் என்பது பித்தளை, அவ்வளவுதான். “பழைய ரேஸர் இருக்கா?” என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். “பழைய ஷேவிங் செட்டு ஏதாவது வந்தா எடுத்து வைங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த மாதம் ஒரு டப்பாவில் நாலைந்து சேர்ந்திருக்கும். ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கும் காயலான் கடைகளுக்கும் இதே மந்திரம்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அங்கே போய்ப் பாருங்கள், கையில் எடுத்துப் பழகுங்கள். வாங்குவது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு சின்னக் காந்தம், வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ், ஒரு துணி, உறை பிரிக்காத புது பிளேடு ஒன்று. கைபேசியில் டார்ச் இருக்கிறது. இதில் முக்கியமானது அந்தப் புது பிளேடுதான். அது ஏன் என்று கடைசியில் தெரியும்.

முதல் படி: உள்ளே பிளேடு இருக்கிறதா?

எடுத்தவுடன் விரலால் தலையைத் தடவாதீர்கள். கடைசியாகச் சவரம் செய்தவர் விட்டுப்போன துருப்பிடித்த பிளேடு பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். துணியால் தலையைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை இடப்பக்கமாகத் திருகுங்கள். வரவில்லையா, முறுக்காதீர்கள். பல ஆண்டுச் சோப்பு மரையில் கல்லாகியிருக்கும். பலத்தைக் காட்டினால் கைப்பிடிக் குழாய் விரியும், அல்லது நடுத் திருகு முறியும். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். டீக்கடை பக்கத்தில் இருந்தால் வெந்நீரே கேட்கலாம், ஐந்து நிமிடத்தில் இளகிவிடும். பிரிக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் நான் வாங்குவதில்லை.

இரண்டாம் படி: எப்படித் திறக்கிறது?

இதை வைத்தே பாதி அடையாளம் முடிந்துவிடும்.

மூன்று துண்டாகப் பிரிந்தால் (மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி) அது பழைய, எளிய வகை. இப்போது அடித்தட்டின் ஓரத்தைப் பாருங்கள். சீப்பு மாதிரிப் பல் வரிசை இருந்தால் பெரும்பாலும் 1939-க்கு முந்தைய வடிவம். பல் இல்லாமல் ஒரே கம்பியாக, விளிம்பில் சின்னச் சின்ன வரிப்பள்ளங்களோடு இருந்தால், அது 1930-களின் கடைசியில் வந்த ஜில்லெட் டெக் அல்லது அதன் சாயலில் வந்த ஒன்று. டெக் பல பத்தாண்டுகள் ஓடிய மாடல். சென்னையில் இதுவே அதிகம் கிடைக்கும், தொடங்குகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. மென்மையாகச் சவரம் செய்யும், கெட்டுப்போக இதில் ஒன்றுமே இல்லை.

பல் வரிசை இருப்பவற்றிலும் உட்பிரிவு உண்டு. மேல்மூடியில் நடுத் திருகுக்கு இரு பக்கமும் இரண்டு குட்டி முளைகள் நீட்டிக்கொண்டிருந்தால், மூன்று ஓட்டை போட்ட பழைய பிளேடுக்காகச் செய்தது. அந்தக் காலப் பிளேடில் இப்போதிருக்கும் நீண்ட வெட்டு கிடையாது. நல்லவேளை, இன்றைய பிளேடின் நடு வெட்டு அந்த இரண்டு முளைக்கும் நடுத் திருகுக்கும் இடம் கொடுக்கும்; நூறு வருடத்து ரேஸரில் நேற்று வாங்கிய பிளேடு உட்கார்ந்துவிடும்.

கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலையில் இரண்டு கதவு விரிகிறதா? பூ மலர்வது மாதிரி இருக்கும். இது முழுவதும் ஒரே துண்டு, 1930-களில் வந்த யோசனை. ஜில்லெட் அரிஸ்டோகிராட், போருக்குப் பின் சூப்பர் ஸ்பீட், இங்கிலாந்தில் செய்த ராக்கெட் எல்லாம் இந்தக் குடும்பம். சூப்பர் ஸ்பீடில் 1955 வாக்கில் கைப்பிடி நுனிக்கு நிறம் பூசியவை வந்தன: நீல நுனி மென்மை, சிவப்பு நுனி கடுமை. சிவப்பு உரிந்து வெறும் உலோகமாகத் தெரிந்தால் லென்ஸ் வைத்து வரிப்பள்ளத்துக்குள் பாருங்கள், ஒரு துளி நிறமாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

தலைக்குக் கீழே 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். பிளேடுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை அது. 1958 முதல் 1961 வரை வந்த குண்டுக் கைப்பிடிக்காரனைச் சேகரிப்பவர்கள் ‘ஃபேட்பாய்’ என்பார்கள். கையில் வைத்தாலே கனம் தெரியும், ஏறத்தாழ 75–80 கிராம். அதற்குப் பின் வந்தது ‘ஸ்லிம்’. இவை சிக்கினால் எண்ணை 1-இலிருந்து 9 வரை திருப்பி, தலை மேலும் கீழும் நகர்கிறதா என்று பாருங்கள். எண் மட்டும் சுற்றித் தலை அசையாமல் நின்றால் உள்ளே சோப்பு கட்டியிருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் அடங்காத சில உண்டு. பெரிய நெருப்புப் பெட்டி மாதிரி உலோகப் பெட்டி, ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல், நடுவில் கெட்டியான கத்தி என்று இருந்தால் அது ரோல்ஸ் ரேஸர். இங்கிலாந்துச் சரக்கு. பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் ‘டக், டக்’ என்று கத்தி புரண்டு புரண்டு தீட்டிக்கொள்ளும். எங்கள் தாத்தா வீட்டில் ஒன்று இருந்தது. காலையில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் யாரும் கிணற்றடிப் பக்கம் போகமாட்டோம். பார்க்க அழகு, ஆனால் அதற்குக் கடையில் பிளேடு கிடையாது. இருக்கும் ஒரே கத்தியில் பிசிறு இருந்தால் மேசை அலங்காரம்தான். அதேபோல், தலைக்குள் தோல்வாரை நுழைத்து இழுக்கும் வேலட் ஆட்டோஸ்ட்ராப், ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள தடித்த பிளேடு போடும் ஜெம், எவர்-ரெடி. பிளேடுக்கு என்ன வழி என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

மூன்றாம் படி: உலோகம் என்ன சொல்கிறது?

நல்ல பழைய ரேஸரின் உடம்பு பித்தளை, மேலே நிக்கல் முலாம். சிலவற்றில் வெள்ளி, சிலவற்றில் பொன் முலாம். காந்தம் வையுங்கள்: கெட்டியாக ஒட்டிக்கொண்டால் இரும்பு. கதவு திறக்கும் வகையில் உள்ளே எஃகுப் பாகங்கள் உண்டு, லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம்.

அழுக்கின் நிறம் பொய் சொல்லாது. பச்சைக் களிம்பு என்றால் அடியில் பித்தளை. நன்றாகக் கழுவினால் போய்விடும். வெள்ளைத் தூள் பூத்து, சாம்பல் நிறத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தால் துத்தநாகக் கலவை. அந்தக் குழி எந்த வைத்தியத்துக்கும் அடங்காது, வைத்துவிட்டு நகருங்கள். இன்னொன்று, நிக்கலின் பளபளப்பில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும், குரோமியம் நீலம் பாய்ந்த வெள்ளையாகப் பளிச்சிடும். ‘வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு’ என்று சொல்லிக் கையில் கொடுத்தது குரோமியமாக மின்னினால், பிற்காலத்தில் பூசியதாகவோ அண்மையில் செய்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி: எழுத்தைப் படிப்பது

ஒருநாள் பல்லாவரத்தில் ஒரு பெரியவர் பல் வரிசை உள்ள ரேஸர் ஒன்றை நீட்டினார்.

“பாருங்க தம்பி, 1904-னு தேதியே போட்டிருக்கு. நூத்திருபது வருஷம்!”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உண்மைதான், 1904 நவம்பர் 15 என்று இருந்தது. ஆனால் அது ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்த நாள், அந்த ரேஸர் பிறந்த நாளல்ல. அதே தேதியைப் பல வருடம் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். 1920 ஜனவரி 13 என்ற தேதியும் அப்படித்தான். 1921-இல் விற்பனைக்கு வந்த புதிய வடிவத்தின் காப்புரிமை நாள். ஆகவே, தேதி பொறித்திருந்தால் அதற்கு முந்தையதல்ல என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “சரி, நூறு வருஷம்னு வெச்சுக்கோ” என்றார். விலையையும் கொஞ்சம் இறக்கினார்.

உண்மையான காலக் குறி வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பான ஜில்லெட்டுகளில், 1951-இலிருந்து தலையின் அடிப்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்தார்கள். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. டபிள்யூ என்றால் 1951, எக்ஸ் 1952, ஒய் 1953, இசட் 1954. அப்புறம் திரும்பவும் ஏ-யில் தொடங்கி 1955, பி 1956 என்று வரிசையாகப் போகும். எஃப் எழுத்தும் 1 என்ற எண்ணும் இருந்தால் 1960-இன் முதல் மூன்று மாதம். இந்த அட்டவணையை இங்கிலாந்து ரேஸருக்கு அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் வடிவத்தையும் எழுத்தின் பாணியையும் பெட்டியையும் வைத்துத்தான் காலம் சொல்ல முடியும்.

நாட்டுப் பெயரும் துப்புக் கொடுக்கும். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘சோலிங்கன்’ என்பது கத்திக்குப் பேர்போன ஜெர்மானிய ஊர், மெர்க்கூர் ரேஸர் அங்கிருந்துதான் வருகிறது. ‘எக்லிப்ஸ்’ என்ற பெயரைப் பார்த்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அதன் ‘ரெட் ரிங்’ மாடலில் பிளேடை எடுக்கக் கைப்பிடி நுனியில் காந்தம் வைத்திருப்பார்கள். உங்கள் பையில் இருக்கும் பிளேடை நீட்டிப் பாருங்கள், ஒட்டினால் சிரிப்பே வந்துவிடும்.

ஐந்தாம் படி: குறை தேடுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வியாபாரி வேறு ஆளைக் கவனிக்கட்டும், நீங்கள் ஓரமாக உட்காருங்கள்.

மூன்று துண்டும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். முலாமின் நிறம், தேய்ந்திருக்கும் அளவு, எழுத்தின் வெட்டு மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். மேல்மூடி புதுப்பெண் மாதிரி மின்ன, கைப்பிடி மட்டும் பித்தளை தெரியத் தேய்ந்திருந்தால் நடுவில் யாரோ கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள்.

கைப்பிடியை வெளிச்சத்தில் மெதுவாக உருட்டுங்கள். பழைய மூன்று துண்டு ரேஸர்களில் கைப்பிடி உள்ளே கூடான குழாய். மரைப் பக்கத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் கீழ்நோக்கி ஓடியிருக்கும். அழுக்கு அதை மூடியிருந்தால் நகத்தால் குறுக்கே தடவினாலே தட்டுப்படும்.

பல் வரிசையில் ஒரு பல் மட்டும் வளைந்திருந்தால் கீழே விழுந்த ரேஸர். பித்தளைப் பல்லை நிமிர்த்தப் போனால் முறியும். கதவு வகையில் இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் மூடுகின்றனவா, நடுவில் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்தப் புது பிளேடு. உறை பிரித்துப் போட்டு, இறுக்கி, கண்ணுக்கு நேரே தலையைப் பிடியுங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு, விளிம்புக்கு இணையாக எட்டிப் பார்க்கிறதா? பார்த்தால் மற்றக் குறைகளை மன்னிக்கலாம். பார்க்கவில்லை என்றால் மறுபடி கழற்றி மாட்டுங்கள். அப்போதும் கோணலாகவே நின்றால் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். என்னுடைய 400 ரூபாயைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த அரை நிமிடச் சோதனைதான்.

பேரம்

‘ஆன்டிக்’ என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். டெக் மாதிரி சாதாரணச் சரக்குக்குச் சாதாரண விலை. அசல் பெட்டி, அதற்குள் பிளேடு வைக்கும் குட்டி டப்பா, அச்சடித்த தாள் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். காலை போணி நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்டு வியாபாரியின் முகத்தைச் சுளிக்க வைக்க வேண்டாம், அடுத்த வாரமும் அவரிடம்தான் போக வேண்டும். நாலு ரேஸரைச் சேர்த்து ஒரு விலை பேசுவது எப்போதும் நல்லது, உதிரிப் பாகமாவது மிஞ்சும். நூறு வருடம் கடந்ததை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பலாமே என்று தோன்றினால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில்: கழுவுவது

பித்தளை என்றவுடன் நம் கை புளியைத் தேடும். தேடக் கூடாது. குத்துவிளக்குக்குப் புளி சரி. நிக்கல் முலாம் பூசிய ரேஸருக்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே வம்பு. முலாம் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே புகுந்து உரிக்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் பக்கத்திலேயே வரக் கூடாது; பொன் முலாம் என்றால் ஒரே தேய்ப்பில் போய்விடும்.

பழைய பிளேடை எடுத்துவிட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம், நுனியில் பூசிய நிறம், எண்ணில் இருக்கும் மை எல்லாம் கழன்றுவிடும். பேக்லைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் ஊறவே போடாமல் துடைத்தெடுங்கள். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ். இடுக்கில் வருகிற சாம்பல் நிறக் கஞ்சியைப் பார்த்தால் காலைச் சாப்பாடு இறங்காது, அதனால் மாலையில் செய்யுங்கள். நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை. முந்தைய சொந்தக்காரர் யாரென்று தெரியாது என்பதால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் உலோகப் பாகங்களைப் பத்து நிமிடம் முக்கி எடுத்து உலரவிடுங்கள். திருகும் இடத்தில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டால் கதவு வெண்ணெய் மாதிரித் திறக்கும். தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பிசுக்காகி, பழைய கதைக்கே வந்து நிற்கும்.

முலாம் போடும் பட்டறையில் கொடுத்துப் புதிதாக்கலாமா என்று கேட்பார்கள். தினமும் சவரத்துக்கு என்றால் தாராளமாக. விற்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். முலாம் பூசுவதற்கு முன் பஃப் போட்டுத் தேய்ப்பதில் அந்தக் காலக் குறி எழுத்துகள்தான் முதலில் மழுங்கும்.

முதல் சவரம்

மூன்று அடுக்கு கார்ட்ரிட்ஜ் பழகிய கை அழுத்தும். அழுத்தாதீர்கள். ரேஸரின் கனமே போதும். பிளேடு கன்னத்தோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், முடி போகிற போக்கிலேயே சின்னச் சின்ன இழுப்பு. எண் மாற்றும் வகை என்றால் 3-இல் தொடங்குங்கள். மேல் உதடும் தாடை முனையும் முதல் வாரம் கொஞ்சம் படுத்தும்.

ரேஸருக்குள்ளிருந்து எடுத்த அந்தத் துருப் பிளேடை அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையைக் கிழிக்கும். பழைய பால் பவுடர் டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மழுங்கியது, துருப்பிடித்தது எல்லாம் அதற்குள். நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதிக் காயலான் கடையில் கொடுத்துவிடுவேன்.